பேர் எழுதாத கவர்

ஆக்லாந்து
8 பிப்ரவரி 1981

என் சின்னக்கா தௌசிக்கு, உன் தங்கச்சி லோசா எழுதறது.

கர்த்தர் புண்ணியத்துல நானும் என் பையன் விலியும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கு? நான் அனுப்பின தைலம் தேய்க்கிறியா, இல்ல பக்கத்து வீட்டுக்காரிக்குத் தானம் பண்ணிட்டியா?

இந்தக் கடுதாசியை உன் கையில குடுத்துட்டு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறாளே, அவதான் தைமானே. பதினஞ்சு வயசு. ஒரு வருஷம் உன்கிட்ட இருக்கட்டும், அங்கேயே பள்ளிக்கூடம் போகட்டும். சவாயித் தீவுக் காத்து பட்டாலாவது வாய் கொஞ்சம் அடங்குதான்னு பாப்போம். அம்மான்னும் பாக்காம என்னைப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிட்டா. என்ன பேசினான்னு கேக்காதே, விடு.

அவர் காலமாகி நாலு வருஷமாச்சு. ஆஸ்பத்திரியில தரை துடைக்கிற சம்பளத்துல வயசுப் பிள்ளைங்க ரெண்டு பேரை வளக்கறது லேசு இல்லக்கா. விலிக்குப் பதினேழு. ஒரு ரொட்டியை நின்ன வாக்குலயே முழுசா தின்னுட்டு "சாப்பிட என்னம்மா இருக்கு?"ங்கறான். மாசத்துக்கு ஒரு ஜோடி ஷூ கிழிக்கிறான். வியாழக்கிழமை சம்பளம் வந்ததும் எட்டு கவர்ல பிரிச்சு அடுக்களை டிராயர்ல வெச்சுடுவேன். ஏழு கவர்ல பேர் எழுதியிருக்கு. எட்டாவதுல பேர் எழுதல, அது எனக்கு. நர்ஸ் படிப்பில சேர்றதுக்கு முன்னாடி ஒரு மாலை வகுப்பு முடிக்கணும், அதுக்குச் சேர்ந்துட்டேன். முப்பத்தெட்டு வயசுல கிழவிக்குப் படிப்பான்னு சிரிக்காதே. துடைச்ச தரையில ஒரு நாளாவது வெள்ளைச் சட்டை போட்டு நடக்கணும்.

சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் இருபது டாலர் உள்ள இருக்கு.

உன் தங்கச்சி
லோசா


வைலோதோ, சவாயி
1 மார்ச் 1981

அருமைத் தங்கச்சி லோசாவுக்கு, தௌசி எழுதறேன்.

சுகமா இருக்கேன். முழங்காலும் சுகமா இருக்கு, அதாவது அது பாட்டுக்கு வலிக்குது, நான் பாட்டுக்கு நடக்கறேன். தைலத்தைத் தானம் பண்ணல. வித்துட்டேன்.

உன் பொண்ணு வந்து சேர்ந்தா. ஏண்டி, இவளை எலும்பு தெரிய வளத்திருக்கியே! முதல் வாரம் பேசவே இல்ல. "தேங்கா துருவு"ன்னேன், துருவினா. "பாய் மடி"ன்னேன், மடிச்சா. ரெண்டாவது வாரம் நான் சேத்துல வழுக்கி உக்காந்தப்போ சிரிச்சா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ராசி. நீ சொன்ன வாய் எங்க இருக்குன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.

ஒண்ணுதான். வீட்டு முன்னாடி பெரியக்கா சலோமே கல்லறை மேல ஏறி உக்காந்துதான் பாடம் எழுதறா. குளிர்ச்சியா இருக்காம். திட்டினேன். அப்புறம், நம்ம பிள்ளைதானேன்னு விட்டுட்டேன். சாயங்காலம் பிரார்த்தனை மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே உக்காந்து ஏதோ முணுமுணுக்கறா. ஒரு நாள் அழுதா. என்னடின்னா "கண்ணுல பூச்சி பெரியம்மா"ங்கறா. எனக்குப் பிள்ளை குட்டி இல்ல, ஆனா பூச்சிக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியும். அவளுக்கு என்ன பண்ணே?

பதில் போடு. போட்டா முழுசா போடு.

உன் சின்னக்கா
தௌசி


வைலோதோ
29 மார்ச்

லோசாவுக்கு அக்கா எழுதறது.

நீ சுகமா இருப்பே. இங்க மழை ஜாஸ்தி. எனக்குக் கொஞ்சம் ஈரம், மத்தபடி ஒரு குறையும் இல்ல. நான் எங்கயும் போறதில்ல, இங்கயேதான் இருக்கேன்.

பொண்ணு தினமும் என் பக்கத்துல வந்து உக்காந்து எழுதறா. நல்ல பொண்ணு. அடக்கமா பேசறா. எல்லாம் சொல்றா.

நீ சம்பளத்தைக் கவர்ல பிரிச்சு வைக்கிறியாமே. நல்ல பழக்கம். எந்தெந்தக் கவர்ல எவ்வளவுன்னு எனக்கு வரிசையா எழுது. எட்டையும் எழுது. பவுன்லயும் ஷில்லிங்லயும் எழுது. அதுதான் எனக்குப் புரியும்.

அக்கா


ஆக்லாந்து
19 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

சின்னக்காவுக்கு லோசாவோட ஈஸ்டர் வாழ்த்து.

நாங்க சுகம். உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு! கையெழுத்து எல்லாம் இடது பக்கமா சாஞ்சு விழுதே, கை சுளுக்கா? பள்ளிக்கூட நோட்டுத் தாளைக் கிழிச்சு எழுதியிருக்கே, தைமானே சண்டைக்கு வரலையா? பவுனாம் ஷில்லிங்காம்! அந்தப் பழைய பணமெல்லாம் போய்ப் பதினாலு வருஷமாச்சு அக்கா. உன் கடுதாசியை விலிக்குப் படிச்சுக் காட்டினேன். "சின்னப் பெரியம்மா ராஜா காலத்துக்குப் போயிட்டாங்க"ன்னு சிரிக்கறான்.

சரி, கேட்டுட்டே, சொல்றேன். முதல் கவர் வாடகை, அதுலயே பாதி சம்பளம் போயிடும். ரெண்டாவது கரண்டு. மூணாவது சாப்பாடு, அதாவது விலி. நாலாவது சபைக்கு. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் பேரைச் சொல்லித் தொகையைப் படிக்கறாங்களே, அதுல குறைச்சலா குடுத்தா அந்த வாரம் பூரா நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடக்கணும். அஞ்சாவது கல்யாணம், சாவு, குடும்பத் தலைவர் பட்டம் கட்டறதுன்னு வர்ற மொய். போன மாசம் மூணு சாவு. சாகறவங்க ஒருத்தரை ஒருத்தர் கலந்து பேசிக்கிட்டுச் சாகக்கூடாதா? ஆறாவது விலியோட பள்ளிக்கூடம். அதுவும் இனி தேவைப்படாது போல, படிப்பை விட்டுட்டு இறைச்சித் தொழிற்சாலைக்குப் போறேங்கறான். "இன்னும் ஒரு வருஷம்டா"ன்னு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சறேன். எட்டாவது என் வகுப்பு.

அவ்வளவுதான். முப்பது டாலர் வெச்சிருக்கேன். கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைக் காட்டு.

உன் தங்கச்சி
லோசா


வைலோதோ
10 மே

லோசாவுக்கு அக்கா எழுதறது.

சுகம்.

ஏழாவது கவரை விட்டுட்டே.

பொண்ணு சொன்னா. ஒண்ணரை வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை மீன் வறுக்கிற கடையில நின்னு கை சுட்டுக்கிட்டுச் சேத்தாளாம். டைப்ரைட்டர் வாங்க. அதை நீ பத்திரமா வெச்சுக்கறேன்னு வாங்கி ஏழாவது கவர்ல வெச்சியாம். அது இப்ப எங்கே?

இன்னொரு விஷயமும் கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. ஒரு நீலத் தகர டப்பா இருந்துச்சே, மூடியில கிளி படம் போட்டது. சமையல் குடிசைக் கூரையில செருகி வெச்சிருந்தது. அது எங்க இருக்கும்னு உனக்குத் தெரியுமா?

பொண்ணு என்கிட்ட நல்லா ஒட்டிக்கிட்டா. இந்த ரெண்டு கணக்கும் நேராகிற வரைக்கும் அவ என்கிட்டயே இருக்கட்டும்.

அக்கா


ஆக்லாந்து
31 மே

சின்னக்காவுக்கு,

சுகம்தான். கொஞ்சம் தலைவலி.

தைமானே பேச்சைக் கேட்டு என்னைக் கேள்வி கேக்கறியே அக்கா, நியாயமா? பணத்தை நம்ம சபை டீக்கன் வீட்டுச் சாவுக்கு மொய் வெச்சேன். அவகிட்டயும் அப்பவே சொன்னேன். குடும்பத்துல பெரியவங்க பேரு கெடாம இருக்கணும்னா சின்னவங்களும் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். நாமெல்லாம் அப்படித்தானே வளந்தோம்?

டப்பாவை எதுக்கு இப்ப தோண்டறே? இருபது வருஷத்துக் கதை. நான் அப்பவே இந்த ஊருக்கு வந்துட்டேன், எனக்கு என்ன தெரியும்? கடல் கொண்டு போயிருக்கும்.

ஆகஸ்ட்ல தைமானேவை அனுப்பிடு. டிக்கெட்டுக்கு எப்படியாவது ஏற்பாடு பண்றேன். எனக்கு அவ ஞாபகமாவே இருக்கு. அவ படுக்கையில விலி துணி குவிச்சு வெச்சிருக்கான், எடுடான்னா, "யாராவது படுத்திருக்கற மாதிரி இருக்கட்டும்மா"ங்கறான்.

அவளை எனக்கு நாலு வரி எழுதச் சொல்லு. அம்மா மேல கோவம் இருந்தா கோவமாவே எழுதட்டும்.

நாப்பது டாலர் உள்ள.

லோசா


வைலோதோ
28 ஜூன்

லோசாவுக்கு அக்கா எழுதறது.

கடல்தான் கொண்டு போச்சு. சரியா சொன்னே.

ஆனா சுலபமா கொண்டு போகல, இல்லையா? கடல் தண்ணி மேல பீச்சி அடிக்குமே, அந்தப் பாறைத் துளையில போட்டே. முதல் தடவை தண்ணியோட மேல வந்து உன் காலடியில விழுந்துச்சு. ரெண்டாவது தடவையும் வந்துச்சு. நீ அழுதே. மூணாவது தடவை உள்ள கல்லைப் போட்டு, மூடியை உன் தலைமுடி ரிப்பனால கட்டிப் போட்டே. மஞ்சள் ரிப்பன். அப்ப சுத்துமுத்தும் ஒருத்தரும் இல்ல. எல்லாரும் கோயில்ல இருந்தாங்க.

பொண்ணுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். இதே மாதிரி ஒரு காய்ச்சலை எனக்குத் தெரியும். பயப்படாதே, நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.

எழுது.

அக்கா


ஆக்லாந்து
12 ஜூலை

அக்கா,

சுகம் விசாரிக்கத் தெம்பு இல்ல. தைமானேவுக்கு இப்ப எப்படி இருக்கு? அதை மொதல்ல எழுது. கார்டு போட்டாலும் போதும்.

யாரு உன்கிட்ட சொன்னா? யாருமே இல்லையே அங்க! பத்து தடவை படிச்சுட்டேன். ரிப்பன் கலரு எனக்கே மறந்து போச்சு, உன் கடுதாசியில பாத்ததும்தான் ஞாபகம் வந்துச்சு.

ஆமா. நான்தான் எடுத்தேன். பெரியக்கா சலோமே நாலு வருஷம் கொப்பரை காய வெச்சு, கோக்கோ பறிச்சு, தையல் மெஷின் வாங்க சேத்த முப்பத்தெட்டு பவுன். அவ எனக்குப் பாவாடை தைச்சுக் குடுப்பேன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நான் அதை எடுத்துக் கப்பல் டிக்கெட் வாங்கினேன். ஆக்லாந்து அத்தை பணம் அனுப்பினான்னு வீட்டுல சொன்னேன். எனக்குப் பதினெட்டு வயசு அக்கா. அந்த ஊர்ல இருந்தா செத்துடுவேன்னு நெனச்சேன். இங்க வந்து முதல் சம்பளத்துலயே திருப்பி அனுப்பிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள டப்பா காணோம்னு தெரிஞ்சு, பழி உன் மேல விழுந்துடுச்சு. அதுக்கப்புறம் எப்படி அனுப்பறது?

தைமானே பணமும் மொய்க்குப் போகல. நூத்தித் தொண்ணூறு டாலர். என் வகுப்புக்குக் கட்டினேன். ரசீதைக் கண்டுபிடிச்சுட்டா. "திருடி"ன்னா. கன்னத்துல அறைஞ்சேன். அடுத்த வாரமே உன்கிட்ட அனுப்பிட்டேன். அவ வாயை அடக்க அனுப்பல, என் காதுல விழாம இருக்க அனுப்பினேன்.

இப்ப எல்லாம் சொல்லிட்டேன். எட்டாவது கவரைப் பிரிச்சு, ரெண்டாவது தவணைக்கு வெச்சிருந்ததை அவ கவர்ல போட்டுட்டேன். என் பொண்ணை எனக்குக் குடுத்துடு.

லோசா


வைலோதோ
23 ஆகஸ்ட்

அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் விலியும் சுகமா இருப்பீங்கன்னு நெனைக்கறேன். மரியாதையா ஆரம்பிக்கணும்னு பெரியம்மா தலைக்கு மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க.

இத்தனை நாள் நான் எழுதாததுக்குக் காரணம் உனக்கே தெரியும். ஆனா நீ ஏன் எழுதல? பெரியம்மா மார்ச்சுல உனக்கு ஒரு கடுதாசி போட்டாங்களாம். அஞ்சு மாசமா ஒரு வரி பதில் இல்லயாம், ஒரு காசும் இல்லயாம். "ஒரு கேள்வி கேட்டேன், அதுக்குப் பயந்து ஓடிட்டா உங்கம்மா, இனிமே அவளுக்கு நான் எழுதினா என் பேரு தௌசி இல்ல"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. எனக்குச் சோறு போடறது அவங்க பாய் முடைஞ்சு வித்த காசுல. எனக்கு வெக்கமா இருக்கும்மா.

அதனால கடையில போய்க் கேட்டேன். பஸ்ல வர்ற தபால் பை அங்கதான் இறங்கும். கடை அசோ மாமா வேற ஊர்க்காரர், போன வருஷம்தான் கடை எடுத்தார்.

"எங்க வீட்டுக்குக் கடுதாசி வரலையா மாமா?"

"வருதே. நல்ல தடிச்ச கவரா ஆக்லாந்துலருந்து வருதே. உங்க பெரியம்மாதான் வந்து வாங்கிக்கிட்டுப் போறாங்களே?"

"தௌசி பெரியம்மாவா?"

"அவங்க முகம்தான். கொஞ்சம் வயசு கம்மியா இருந்துச்சு, தங்கச்சியோ என்னமோன்னு நெனச்சேன். ஜாஸ்தி பேச மாட்டாங்க. இடது கையால கையெழுத்துப் போட்டாங்க. எப்ப பாத்தாலும் நனைஞ்சு வருவாங்கம்மா, வெயில் அடிச்சாலும்."

வீட்டுக்கு வந்து பெரியம்மாகிட்ட சொன்னேன். தேங்கா துருவிக்கிட்டிருந்தவங்க அப்படியே நிறுத்திட்டாங்க. "இடது கைக்காரி எங்க வீட்டுல ஒருத்திதான் இருந்தா"ன்னாங்க. வாசல்ல இருக்கற கல்லறையைத் திரும்பிப் பாத்தாங்க.

இன்னொண்ணு. என் நோட்டுல நடுவுல மூணு தாள் காணோம். நான் கிழிக்கல. நோட்டைச் சலோமே பெரியம்மா கல்லறை மேல வெச்சுட்டுச் சாப்பிடப் போவேன், அவ்வளவுதான்.

ஜூன்ல எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வந்துச்சு. இப்ப நல்லா இருக்கேன், கொழுத்துட்டேன். அந்த ரெண்டு நாளும் பெரியம்மா தோட்டத்துல சேம்பு நட்டுக்கிட்டிருந்தாங்களாம். அப்படின்னா என் நெத்தியில கை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தது யாரும்மா? ஜில்லுனு இருந்துச்சு. எனக்குப் பயமா இல்ல.

என் பணத்தை நீ எடுத்ததை இங்க யார்கிட்டயும் நான் சொல்லல. பெரியம்மாகிட்ட கூட இல்ல. கல்லறைகிட்ட மட்டும்தான் சொன்னேன். அது திருப்பிப் பேசாதுன்னு நெனச்சேன்.

தைமானே

இதை அசோ கடையில போடல. பஸ் டிரைவர் கையில நேரா குடுத்தேன்.


ஆக்லாந்து
13 செப்டம்பர்

என் சின்னக்கா தௌசிக்கு, உன் தங்கச்சி லோசா.

இந்தக் கடுதாசியை நம்ம போதகரம்மா ஊருக்கு வரும்போது உன் கையிலயே குடுப்பாங்க. வேற யார்கிட்டயும் குடுக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். போதகரம்மாகிட்ட சத்தியம் கேட்ட முதல் ஆளு நான்தானாம்.

முன்னால மூணு தாள் விரிச்சு வெச்சிருக்கேன் அக்கா. இடது பக்கமா சாஞ்ச எழுத்து. எல்லாத்துலயும் கீழ "அக்கா"ன்னு இருக்கு, பேர் இல்ல. நீன்னு நெனச்சுத்தான் பதில் போட்டேன். ஒரு பொய் கூட இல்ல அந்த மூணுலயும். "எனக்குக் கொஞ்சம் ஈரம், நான் எங்கயும் போறதில்ல"ன்னு எழுதியிருக்கு. படிச்சுட்டு உன் கூரை ஒழுகுது போலன்னு நெனச்சேன். இப்ப அடுக்களையில தனியா நிக்கவே பயமா இருக்கு.

விலிகிட்ட எல்லாம் சொன்னேன். பக்குவமா கேட்டான். கடைசியில, "அப்ப சின்னப் பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது இல்லையாம்மா? கேக்க வேண்டியவங்க கேட்டுட்டாங்க. விட்டுடேன்"னான். என் பையன்தானே, என் புத்திதானே இருக்கும். ஒரு ராத்திரி நானும் அப்படித்தான் நெனச்சேன். தூக்கம் வரல.

அதனால உனக்கு ரெண்டாவது தடவையா, நேரா எழுதறேன். டப்பாவை எடுத்தது நான். நீ இல்லன்னு எனக்கு மட்டும்தான் தெரியும், நான் வாயைத் திறக்கல. அது இருக்கற இடம் உனக்கு மட்டும்தான் பெரியக்கா காட்டியிருந்தா, நான் ஒளிஞ்சு பாத்தது யாருக்கும் தெரியாது, அதனால உன்னைத்தான் எல்லாரும் பிடிச்சாங்க. அப்பா உன்னைத் தென்னை மட்டையால அடிச்சார். உன்னைப் பொண்ணு கேட்டு வந்த வீட்டுக்காரங்க திருட்டுக் கை வேண்டாம்னு போயிட்டாங்க. அப்புறம் யாரும் வரவே இல்ல. பெரியக்கா ரெண்டு வருஷம் உன்கூட பேசல. காய்ச்சல்ல கிடந்தப்போ நீ குடுத்த தண்ணியை வாங்காம முகத்தைத் திருப்பிக்கிட்டா, அப்படியே போயிட்டா. நீ எனக்கு அழுது எழுதினே. "என் கையால ஒரு வாய் தண்ணி குடிக்கலடி, நான் என்ன பாவம் பண்ணேன்"னு. நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? கர்த்தர் பாத்துப்பார்னு எழுதினேன். அந்த வரியை எழுதின கை இதுதான்.

டிசம்பர்ல வரேன். வகுப்பு இந்த வருஷம் நின்னு போச்சு. எட்டாவது கவர்ல இருந்தது தைமானேவுக்கும் என் டிக்கெட்டுக்குமே சரியா போச்சு. நர்ஸ் ஆகணும்னு இன்னும் ஆசை இருக்கு, விடல. ஆனா இனிமே என் காசுலதான். விலி படிப்பை முடிக்கறேன்னு ஒத்துக்கிட்டான். ஆனா ஷூ கேக்கறான்.

விடியறதுக்கு முன்னாடி வந்து உன் வீட்டு முன்னால பாயைப் போத்திக்கிட்டு உக்காருவேன். தப்பு பண்ணினவங்க மன்னிப்பு கேக்கற நம்ம ஊர் முறைப்படி, அடுப்புக்கு விறகும் கல்லும் இலையும் கூடவே கொண்டு வருவேன். என்னை அடுப்புல வெச்சாலும் சரி. பாயை நீ எடுத்தாத்தான் எழுந்திருப்பேன். நீ எடுக்கலைன்னா அன்னைக்கு பூரா உக்காந்திருப்பேன், மறுநாளும் வருவேன். ஊரே பாக்கட்டும். உன்னைத் திருடின்னு சொன்ன ஊருதானே.

தைமானேவோட நூத்தித் தொண்ணூறு டாலர் போதகரம்மாகிட்ட இருக்கு. எண்ணி வாங்கிக்கச் சொல்லு.

லோசா


வைலோதோ
12 அக்டோபர், வெள்ளை ஞாயிறுக்கு மறுநாள்

லோசாவுக்கு, தௌசி. வலது கைதான், பயப்படாதே.

சுகமான்னு கேக்க மனசு வரல. ஆனாலும் கேக்கறேன், சுகமா?

உன் கடுதாசி வந்த அன்னைக்குச் சாப்பிடல. மறுநாள் வாசல்ல நின்னு உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். கோழியெல்லாம் ஓடிப்போச்சு. தைமானே பயந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "உங்கம்மாவைக் கொன்னுடுவேன்டி"ன்னேன். "டிசம்பர்ல வருவாங்க பெரியம்மா, அதுவரைக்கும் பொறுங்க"ங்கறா! இந்த வாயைத்தான் சொன்னியா? எனக்கு நாப்பத்தொரு வயசு லோசா. இருபது வருஷம் நான் எந்தக் கல்யாண வீட்டுலயும் மொய்ப் பெட்டி பக்கத்துல உக்காந்ததில்ல, யாராவது பாப்பாங்களோன்னு. பதில் எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன்.

போன சனிக்கிழமை விடியற நேரம் அடுப்பு மூட்ட எழுந்தேன். வீட்டு முன்னால யாரோ பாய் போத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பழைய நல்ல பாய், ஓரத்துல சிவப்பு இறகு வெச்சது. நம்ம வீட்டுல அந்த மாதிரி ஒண்ணுதான் இருந்துச்சு. அது பெரியக்காவோட போயிடுச்சு.

நீதான்னு நெனச்சேன். டிசம்பர்னு சொல்லிட்டு முன்னாடியே வந்து நிக்கறா பாருன்னு. கொஞ்ச நேரம் உக்காரட்டும், நோகட்டும்னு அடுப்பை ஊதிக்கிட்டே பாத்தேன். அசையவே இல்ல. பாயிலருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மழை இல்ல. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. நீ எனக்குப் பண்ணினது ஒண்ணு. அந்தப் பழியை நம்பிப் பெரியக்கா என்னைத் திருடின்னு நெனச்சாளே, தண்ணி வாங்காம போனாளே, அது இன்னொண்ணு. அதுக்கு அவதான் வரணும். வந்திருக்கா.

போனேன். "அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லக்கா, எழுந்திரு"ன்னேன். பாயை எடுத்தேன்.

அடியில ஆள் இல்ல. நீல டப்பாதான் இருந்துச்சு. துரு பிடிச்சு, மூடியில கிளி பாதிதான் தெரியுது. ஒரு மஞ்சள் துணித் துண்டால கட்டியிருந்துச்சு. உள்ள நீ போட்ட கடுதாசி மூணும் ஈரம் படாம இருக்கு. நீ அனுப்பின எழுபது டாலரும் அப்படியே இருக்கு. தைமானே எழுந்து வந்து பாத்தா. ரெண்டு பேரும் அங்கேயே உக்காந்து அழுதோம்.

அப்புறம் நான் உள்ள போய்ச் சிரட்டையில தண்ணி மொண்டு வந்து கல்லறை மேல வெச்சேன், தலை மாட்டுல. பதினெட்டு வருஷமா கையில வெச்சுக்கிட்டிருந்த தண்ணி. அடுப்பு வேலையை முடிச்சுட்டு வந்து பாத்தேன். சிரட்டை காலியா இருந்துச்சு. சுத்தி ஈரமில்ல, கவிழவும் இல்ல.

நேத்து வெள்ளை ஞாயிறு, பிள்ளைங்களோட திருநாள், தைமானே வெள்ளைச் சட்டை போட்டுக் கோயில்ல முன் வரிசையில நின்னு வசனம் சொன்னா, ஒரு வார்த்தை பிசகல. அவ பணத்தை எண்ணிட்டா, சரியா இருக்காம். டைப்ரைட்டர் வந்ததும் உனக்கு முதல் கடுதாசி அதுலதான் எழுதுவாளாம். என்ன எழுதுவாளோ, நீ தயாரா இரு.

வா. அந்தப் பாயை மடிச்சு உனக்கே வெச்சிருக்கேன், வேற வாங்கிக் காசைக் கரைக்காதே. பெரியக்காவுக்கு நான் உடனே எடுத்துட்டேன். உனக்கு எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கே தெரியல, வெயில் ஏறினாலும் ஏறும். ஆனா பக்கத்துல தண்ணி வெச்சிருப்பேன், குடி.

சின்னக்கா
தௌசி